ஆளுக்கு முந்தி வந்த ஸ்ட்ரைக்கர்

பஸ் பஞ்சராகிவிட்டது என்று எவனாவது போனில் சொன்னால், நான் முதலில் கேட்பது "எந்தச் சில்லு?" என்றுதான். முன் சில்லா, பின் சில்லா? உண்மையிலேயே பஞ்சரான பஸ்ஸில் வந்தவன் சட்டென்று சொல்லிவிடுவான். இறங்கி நின்று பார்த்திருப்பான், கண்டக்டரைத் திட்டியிருப்பான், ஒரு கை கொடுத்துமிருப்பான். பொய்க்காரன் மட்டும் "அது வந்துங்க அண்ணே..." என்று இழுப்பான். அந்த இழுவை எனக்குப் போதும். "ஆள் வரலன்னு எதிராளிக்கு வோக்கோவர் குடுத்தாச்சு, நீங்க மெதுவா வீட்டுக்குப் போங்க" என்று போனை வைத்துவிடுவேன்.

எனக்கு ஹட்டன் டவுனில் போட்டோகொப்பி கடை. அதுதான் சோறு. ஆனால் இந்தப் பக்கம் கரம் போர்ட் ஆடுகிறவர்களிடம் என்னைப் பற்றி விசாரித்தால் கடையைச் சொல்ல மாட்டார்கள். "அந்தச் சந்தேகப் பிராணியா?" என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வருசா வருசம் நோர்வூட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, தோட்டங்களுக்கிடையில் கரம் போட்டி வைக்கிறோம். போகவந்தலாவைப் பக்கம், மஸ்கெலியாப் பக்கம், தலவாக்கலைப் பக்கம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறங்குவார்கள். யாருக்கு யாரோடு ஆட்டம், எந்தப் பலகையில், எத்தனை மணிக்கு, பிந்தி வந்தவனை என்ன செய்வது, எல்லாம் என் தலையில். என் திறமையைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று நானும் கொஞ்ச காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் விசயம் வெளியே வந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்த ஆளு எந்தத் தோட்டத்தையும் நம்ப மாட்டாரு, எல்லாரையும் ஒரே மாதிரிதான் சந்தேகப்படுவாரு, இவரையே போடுவோம்" என்றாராம். கைதட்டல் வேறு.

ஆட்ட வரிசை போடுவது லேசான காரியம் இல்லை. காலையில் முதல் ஆட்டம் யாருக்கு? டவுனுக்குக் கிட்ட இருக்கிறவனுக்குக் கொடுத்தால் "ஏன், நாங்க மட்டும் தூங்கக் கூடாதா?" என்பான். மலை உச்சியில் மேல்பிரிவில் இருக்கிறவனுக்குக் கொடுத்தால், அவனுக்கு அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதிப் பேருக்குக் கைக்காசு வேலை இருக்கும்; பறித்த கொழுந்துக்கு நிறுத்த கையோடு காசு. அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஒரே தோட்டத்து ஆள்கள் இரண்டு பேரை முதல் சுற்றிலேயே மோதவிட்டாலோ, ஒருவனுக்குக் கட்டாயம் வயிற்றுவலி வரும். யாருக்கு வரவேண்டும் என்று தோட்டத்திலேயே பேசி முடித்துவிட்டு வருவார்கள். இதையெல்லாம் யோசித்து வரிசை போட்டு முடிக்கும்போது மழை வந்துவிடும். எங்கள் ஊர் ஈரத்தில் பலகை ஊறிக் காய் நகராது. அதற்காகவே ஒவ்வொரு பலகைக்கு மேலும் பல்பைத் தாழத் தொங்கவிட்டுக் காய வைப்போம். காய்ந்த பலகை எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்பதில் இன்னொரு சண்டை.

பிந்துகிறவர்கள் விசயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் கூப்பிடுவது மாதிரி மைக்கில் பெயரை மூன்று தரம் கூப்பிடுவோம். மூன்றாவதற்கும் ஆள் இல்லையென்றால் எதிராளிக்கு வெற்றி. இதில் ஒரு வழக்கம் எப்படியோ நுழைந்துவிட்டது. மண்டபத்துக்குள் நெரிசல் என்பதால், வந்தவர்கள் தங்கள் ஸ்ட்ரைக்கரைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். பஸ்ஸில் சீட்டுக்குக் கைக்குட்டை போட்டுவிட்டு இறங்குவது போல. ஸ்ட்ரைக்கர் இருந்தால் ஆள் வந்தாயிற்று என்று கணக்கு. மூன்று தரம் கூப்பிட்டு முடிந்தாலும், ஒரு பிளேன்டி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, குடிக்கிற நேரம் பொறுப்போம். பெரியவர்கள் போட்ட வழக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு ஓர் ஓட்டை கிடைத்தால் போதுமே! கொஞ்ச நாளில் ஸ்ட்ரைக்கர் மட்டும் முதல் பஸ்ஸில் வரும், சொந்தக்காரன் அடுத்த பஸ்ஸில் வருவான். ஒருத்தன் நுவரெலியா மார்க்கெட்டிலிருந்து வந்த லீக்ஸ் லொறியில் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். டிரைவர் அதை என்னிடமே கொண்டுவந்து கொடுத்து, "இது எங்கங்க வைக்கணும்?" என்று கேட்டார். அன்றைக்கே சட்டம் போட்டேன். தன் ஸ்ட்ரைக்கரைத் தானே வைக்கவேண்டும். வேறு ஆள் வைத்தது என்று எதிராளி ஆட்சேபித்தால், பிந்தியவர் வெளியே. ஆட்சேபனை எதிராளி வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று கமிட்டி ஒரு வாலையும் ஒட்டியது. அந்த வாலில் எனக்கு இஷ்டமே இல்லை.

இப்போது சொல்லப்போவது பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தைப் பற்றி. அந்த வருசம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனிக்காரர் வந்திருந்தார். கம்பனிகளுக்கிடையில் நடக்கும் போட்டிக்குப் பெண்கள் டீம் ஒன்று சேர்க்கிறார்களாம். எங்கள் போட்டியில் கோப்பை தூக்குகிற பெண்ணுக்கு கம்பனி ஸ்டோர்ஸில் வேலை, டீமில் இடம். நல்ல மனுசன்தான், ஆனாலும் நான் அவருடைய கார்டை வாங்கிப் போன் பண்ணி அப்படி ஒரு கம்பனி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டேன். இருந்தது.

இறுதிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஹட்டனில் துணிக்கடையில் நிற்கிற பெண். கல்யாணம் ஆகவில்லை. வாய் நீளம், கையும் வேகம். மற்றவள் போகவந்தலாவைக்கு மேலே ஒரு மேல்பிரிவில் கொழுந்து எடுக்கிறவள், புருசன் விட்டுவிட்டுப் போனவள், நாலு வயதில் ஒரு மகள். இந்த மேல்பிரிவுப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட்டை போட்டோகொப்பி எடுக்க என் கடைக்கு வந்திருந்தாள். மகளை மேசை மேல் உட்கார வைத்திருந்தாள். அது என் ஸ்டேப்ளரைப் பிடுங்கி வாயில் வைத்தது.

"புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போவே?" என்று கேட்டேன்.

"எங்க சித்திகிட்டதாங்க அண்ணே. வேற யாரு இருக்கா?" என்றாள். பிறகு கொப்பிகளை மடித்துக்கொண்டே, "கரம்ல மட்டும் ஜெயிச்சேன்னா இதெல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன். கொழும்புன்னா இவளையும் கூட்டிக்கிட்டுப் போவேன்ல" என்றாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு குரல்: இதை ஏன் என்னிடம் சொல்கிறாள்? நான்தானே ஆட்ட வரிசை போடுகிறவன்? நாளைக்குப் பிந்தி வந்தால் இரக்கம் காட்டட்டும் என்று இன்றைக்கே விதை போடுகிறாளோ? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என் புத்தி அப்படி.

இறுதி ஆட்டத்தைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தேன். மேல்பிரிவுப் பெண்ணின் பஸ்ஸை யோசித்துத்தான் போட்டேன். அந்த ஞாயிறு காலை மண்டபத்துக்குள் நுழைந்தால், மைக்கில் செக்ரட்டரி குரல். "கொழும்பு சார் வெள்ளனவே திரும்பணுமாம். அதனால பொம்பளைங்க பைனல முதல்லயே வைக்கிறோம்." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு, ஊருக்கே சொல்லிவிட்ட மாதிரி நிற்கிறார்.

செக்ரட்டரி யார் தெரியுமா? தோட்டத்து ஒபிஸில் கிளார்க். துணிக்கடைப் பெண்ணும் அவரும் ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசையில் வீடு. எலி ஏன் அம்மணமாய் ஓடுகிறது என்று எனக்கா தெரியாது?

"யாரக் கேட்டு மாத்துனீங்க?" என்றேன்.

"ஐயோ, ஒங்களுக்கு எதெடுத்தாலும் சந்தேகம்! அந்த மனுசன் பாக்காம பைனல் வச்சு யாருக்கு என்ன லாபம்? நீங்களே போயி கேளுங்க."

போய்க் கேட்டேன், சிங்களத்தில். உண்மைதான். அவர் வீட்டில் யாருக்கோ சுகமில்லை, ஹட்டனில் ரயிலைப் பிடிக்கவேண்டும் என்றார். ஆட்டம் முடியும்வரை இருக்கிறேன், கோப்பையை யார் தூக்கினாலும் அவருக்குத்தான் வேலை என்று துணிக்கடைப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவளுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும், தலையை ஆட்டினாள். அப்படியென்றால் நேரத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நியாயமான காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு திருட்டுத்தனம் செய்வதும் உலகத்தில் உண்டு. செக்ரட்டரியை விட்டு என் கண் அகலவில்லை.

மேல்பிரிவுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். ஒரு குழந்தை எடுத்து, "அம்மா மலைக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. முடிந்தது கதை! முதல் நிறுவை வரைக்கும் கைக்காசு எடுத்துவிட்டு பஸ் ஏறலாம் என்று போயிருக்கிறாள். பைனல் நாளில் போவாளா என்று கேட்பீர்கள். போவார்கள். எங்கள் ஆட்கள் போவார்கள். ஆட்டம் பகலுக்குத்தானே, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு ஏன் இருக்கவேண்டும்?

அவள் தோட்டத்து டீம் கெப்டன் அங்கேதான் நின்றான், ஆண்கள் ஆட்டத்துக்கு வந்தவன். அவனைப் பிடித்தேன். பக்கத்து லயத்தில் யாருக்கோ பேசி, அந்த ஆள் மலைக்கு ஓடியிருப்பதாகச் சொன்னான். "கொழுந்து லொறி எறங்குது அண்ணே, அதுல ரோட்டுக்கு வந்து ஓட்டோ புடிச்சிருவா. வந்துருவா." அவன் கண்ணில் நீர் முட்டியது. எனக்கு அதுவும் சந்தேகம்தான். என்ன செய்ய?

செக்ரட்டரி முதல் தரம் பெயரைக் கூப்பிட்டார். கம்பனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். துணிக்கடைப் பெண் பலகை முன்னால் உட்கார்ந்து, பவுடரைத் தூவித் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே வெறும் கதிரை. "ஆவே நெத்த?" வரவில்லையா என்று கம்பனிக்காரர் என்னைக் கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். செக்ரட்டரி இரண்டாம் தரம் கூப்பிட்டார். எனக்கு என்னவோ அவர் வழக்கத்தைவிட வேகமாகக் கூப்பிடுவதாகப் பட்டது. நான் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன். நோர்வூட் ரோட்டில் மழை மூடிக்கொண்டு வந்தது. ஒரு ஓட்டோவும் இல்லை. திரும்பி வருகிறேன், மைக்கில் மூன்றாம் தரம். அந்தப் பாஸ்போர்ட்டும், மேசை மேல் உட்கார்ந்த அந்தப் பிள்ளையும் ஞாபகத்துக்கு வந்தன.

பலகையைப் பார்த்தால், வெறும் கதிரைக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கர்!

விளிம்பு உடைந்த, மஞ்சளித்துப்போன பழைய ஸ்ட்ரைக்கர். சற்று முன் அது அங்கே இல்லை. ஆள் இன்னும் லொறியில் வருகிறாள், ஸ்ட்ரைக்கர் எப்படி வந்தது?

"ஸ்ட்ரைக்கர் இருக்கே! ஒரு பிளேன்டி நேரம் இருக்கு!" என்று கெப்டன் கத்தினான். கூட்டமும் "ஆமாம், ஆமாம்" என்றது. செக்ரட்டரியின் முகம் கறுத்தது. வழக்கம் வழக்கம்தான், பொறுக்கத்தான் வேண்டும்.

நான் முதலில் கெப்டனை ஓரங்கட்டினேன். "நீதானே வச்சே?"

"முனியாண்டி மேல சத்தியமா நான் இல்லீங்க அண்ணே! நான் பலக பக்கமே போகல. போனைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

சத்தியம் பண்ணுகிறவனை நான் இரட்டிப்பாகச் சந்தேகப்படுவேன். ஆனால் அவன் நின்ற இடம் எனக்கே தெரியும். அவன் தூணுக்கு அந்தப் பக்கம்தான் நின்றான். பிறகு செக்ரட்டரியையே சந்தேகப்பட்டேன். வேண்டுமென்றே பிற ஆள் ஸ்ட்ரைக்கரை வைத்து, மேல்பிரிவுப் பெண் வந்து உட்கார்ந்ததும் தன் தோட்டத்துப் பெண்ணை ஆட்சேபிக்கச் சொல்லி, மானத்தோடு சேர்த்து வெளியே தள்ளும் திட்டமோ? ஆனால் மூன்றாம் தரம் முடிந்தாலே வோக்கோவர் கிடைத்திருக்குமே, அவருக்கு ஏன் இந்தச் சுற்று வழி? கணக்கு இடித்தது. தேத்தண்ணிக்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன், அவர் மேல்பிரிவுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்று கேள்வி. அவர் கையில் ட்ரே இருந்தது, இன்னொரு கையில் தட்டு நிறைய வடை.

நான் ஸ்ட்ரைக்கரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். துணிக்கடைப் பெண் தலையைத் தூக்காமல், "அண்ணே, பலகையில இருக்கிறத தொடாதீங்க. ரூல்ஸ்ல இருக்கு" என்றாள். எனக்கே ரூல்ஸ் சொல்கிறாள்! வைத்துவிட்டேன்.

கம்பனிக்காரரின் பிளேன்டி அடிமண்டிக்கு வந்தபோது, மேல்பிரிவுப் பெண் ஓடிவந்தாள். கொழுந்து எடுக்கப் போன உடுப்போடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமல், முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்து ரத்தம் வடிய வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கை காலி. பை இல்லை, ஸ்ட்ரைக்கர் இல்லை. லயத்துக்குப் போய் எடுக்க நேரம் இருந்திருக்காது. கதிரையில் விழுந்தாள், பலகையைப் பார்த்தாள். அந்த உடைந்த ஸ்ட்ரைக்கரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். அதை நான் பார்த்தேன். இது அவளுடையது இல்லை. முந்தானையில் ஈரக்கையைத் துடைத்து, அதை எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் குறுக்கே போனேன். "ஆட்டம் தொடங்கறதுக்கு முந்தி ஒரு கேள்வி. இந்த ஸ்ட்ரைக்கர்..."

"எனக்கு ஆட்சேபன இல்ல" என்றாள் துணிக்கடைப் பெண். நான் கேட்கக்கூட இல்லை. "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல அண்ணே. தொடங்குங்க, சாருக்கு ரயிலு இருக்கு."

செக்ரட்டரி அவள் காதில் ஏதோ சொல்லக் குனிந்தார். அவள் தலையை இழுத்துக்கொண்டாள். கமிட்டி ஒட்டிய அந்த வால் இருக்கிறதே, அதற்கு மேல் நான் பேச முடியாது. ஆட்டம் தொடங்கியது. ஆனால் என் மண்டைக்குள் புழு குடைந்தது. வெல்லப்போகிற பெண், கையில் விழுந்த வெற்றியை ஏன் இப்படித் தட்டிவிடுகிறாள்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுவதாக நான் கேள்விப்பட்டிருக்கிறேன். குடை பிடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆட்டம் என்றால் ஆட்டம். முதல் கேம் துணிக்கடைப் பெண்ணுக்கு. உடைந்த ஸ்ட்ரைக்கர் மேல்பிரிவுப் பெண்ணின் கைக்குப் பிடிபடவில்லை, கோணல்மாணலாகப் போனது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டாள். விளிம்பு உடைந்த பக்கத்தை மேலே திருப்பிவைத்து, விரலை மாற்றி, மறுகோடியில் கிடந்த சிவப்பைப் பைக்குள் உருட்டினாள் பாருங்கள், மண்டபமே "அடேயப்பா!" என்றது. மூன்றாவது கேம். அதில் கடைசி ஆட்டம். துணிக்கடைப் பெண்ணுக்கு ஒரே ஒரு கறுப்பு, மூலைப் பையின் வாய்க்கு நேரே. கண்ணை மூடிக்கொண்டு நானே போட்டுவிடுவேன். அடித்தாள். கறுப்பு போய், பையின் வாயிலேயே நின்றுவிட்டது. மழையீரமா, பவுடர் கட்டிதட்டியதா, வேறு ஏதாவதா? நான் பல்புக்குக் கீழே குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தேன். ஈரம் இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அடுத்த அடியில் மேல்பிரிவுப் பெண் முடித்துவிட்டாள்.

அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. கம்பனிக்காரர் அவளிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு, மழையில் ஓட்டோ ஏறினார்.

கூட்டம் கலையும்போது துணிக்கடைப் பெண் என்னிடம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "அண்ணே, அந்த ஸ்ட்ரைக்கர எடுத்துக்குடுங்க. விளிம்பு ஒடஞ்சது."

"அது ஒன்னோடதா?"

"எங்க லயத்துப் புள்ளைங்களோடது. என் பையில கெடந்துச்சு."

"அப்ப நீதான் வச்சியா?"

"பின்ன யாரு வைப்பா? நான்தானே அங்க ஒக்காந்திருந்தேன்!"

மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டு, பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளை விட்டிருக்கிறேன். கோபம் வந்தது. "ஏன்டி வச்சே?" என்றே கேட்டுவிட்டேன்.

"ஆளே வராம ஜெயிச்சா சாரு என் ஆட்டத்த எப்பிடி பாப்பாரு? சும்மா ஒக்காந்திருந்தவளுக்கா வேல குடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, ஸ்ட்ரைக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் நடந்தாள்.

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. தன் லாபத்துக்குத்தான் செய்திருக்கிறாள். அது எனக்குப் புரிகிற பாஷை. ஆனால் ஹட்டனுக்கு பஸ்ஸில் வரும்போது மறுபடி குடைச்சல். யார் கோப்பையைத் தூக்கினாலும் அவருக்குத்தான் வேலை என்று கம்பனிக்காரர் அவள் முகத்துக்கு நேரே சொன்னாரே! ஆடிக் காட்டவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லையே! அப்படியென்றால் என்னிடம் சொன்னது பொய். சும்மா விடுவேனா? விசாரித்தேன். இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டேன், இல்லை. ஹட்டனில் எவனையாவது விரும்புகிறாளா, கொழும்புக்குப் போக மனமில்லையா என்று அவள் கடைக்குப் பக்கத்துக் கடையில் கேட்டேன், அவர்கள் என்னை அடிக்க வந்தார்கள். ஒன்று மட்டும் கிடைத்தது. முந்திய சுற்றுகளின்போது மேல்பிரிவுப் பெண் மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மா ஆடும்போதெல்லாம் அந்தப் பிள்ளை துணிக்கடைப் பெண்ணின் மடியில்தான் தூங்கியதாம், குவைத் பயணத்தையும் தாய் அவளிடம் சொல்லியிருந்தாளாம். அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மேல்பிரிவுப் பெண் கொழும்புக்குப் போய்விட்டாள், மகளோடு. சில மாதம் கழித்து, என் மகளுக்கு ஸ்கூல் சொக்ஸ் வாங்க அந்தத் துணிக்கடைக்குப் போனேன். சொக்ஸுக்காகத்தான் போனேன் என்று வீட்டில் சொன்னேன். கடையில் அவள் மட்டும்தான் நின்றாள்.

"அந்தக் கறுப்ப வேணும்னே விட்டியா?" நேராகவே கேட்டேன்.

அவளுக்கு வந்ததே கோபம்! "நல்லா கேட்டீங்க போங்க! அது உள்ள போயிருந்தா நான் இந்நேரம் கொழும்புல இருந்திருப்பேன். இங்க நின்னு ஒங்களுக்கு சொக்ஸ் எடுத்துக்குடுக்க எனக்கு ஆசையா? அன்னைக்குப் போயி தலகாணி நனைய அழுதேன், தெரியுமா? ஆளு வரட்டும்னுதான் நெனச்சேன். நான் தோக்கணும்னு நெனைக்கல."

"அதத்தான் கேக்கிறேன். ஏன் வரணும்னு நெனச்சே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் போன் அடித்தது. எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். வீடியோ கோல். ஒரு பெரிய சமையலறை, வெள்ளைச் சுவர், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஓர் அம்மா. குரலைத் தாழ்த்தி, "சாப்புட்டியா?" என்று கேட்டார்கள். "சாப்புட்டேம்மா. நீங்க?" "மேடம் வர்றாங்க, வைக்கிறேன்." அவ்வளவுதான். திரை அணைந்தது.

"அம்மாவா?" என்றேன்.

"ம். குவைத்துல இருக்காங்க."

"எப்ப போனாங்க?"

"நான் ஸ்கூல் சேர்றதுக்கு முந்தி."

"எப்ப வர்றாங்க?" என்றேன்.

"அடுத்த வருசம்" என்றாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நான் நாலு வயசுல கேட்டப்பவும் அடுத்த வருசம்னுதான் சொன்னாங்க."

பிறகு சொக்ஸ் பெட்டியை இழுத்துத் திறந்து, "என்ன சைஸுங்க அண்ணே?" என்று கேட்டாள்.